டொமைன் வாங்குமுன் வில்லங்கம் பார்ப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

2021 ஜனவரி இறுதியில் பெர்ல்.காம் என்ற டொமைன், அதாவது இணையதளத்தின் முகவரிப் பெயர், ஒரு விற்பனைத் தளத்தில் 1,90,000 டாலர் விலையில் பட்டியலிடப்பட்டிருந்தது. பெர்ல் நிரல்மொழிக்காரர்கள் 1990-களிலிருந்து பயன்படுத்தி வந்த பெயர் அது. பதிவேட்டைப் பார்த்தவருக்கு ஒரு குறையும் தெரிந்திருக்காது. டொமைன் காலாவதியாகவில்லை, முடக்கப்படவில்லை, டொமைன்களைப் பதிந்து தரும் நிறுவனமான ரெஜிஸ்ட்ரார் ஒருவரிடம் ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. ஆனால் விற்க வைத்தவர் உரிமையாளர் அல்லர். சில மாதங்களுக்கு முன்பே கணக்கைக் கைப்பற்றி, டொமைனை நாடு விட்டு நாடு மாற்றி, கடைசியில் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பிப்ரவரி தொடக்கத்தில் அது உரியவரிடம் திரும்பியது. இடையில் யாராவது அந்த விலையைக் கட்டியிருந்தால் பணத்தைத் தேடி அலைய வேண்டியிருந்திருக்கும்.

நிலம் வாங்கப் போனால் வில்லங்கச் சான்று எடுக்கிறோம், தாய்ப்பத்திரம் கேட்கிறோம், பட்டா யார் பெயரில் என்று பார்க்கிறோம். டொமைனுக்கு அப்படிச் சான்று தரும் அலுவலகம் உலகத்தில் எங்குமே இல்லை. பதிவேடு சொல்வதெல்லாம் இன்று அது யார் கையில் இருக்கிறது என்பதைத்தான். அது யாருக்குச் சொந்தம் என்று எவரும் முத்திரை குத்தித் தர மாட்டார்கள். ஆகவே அந்தச் சான்றை வாங்குபவரே தயாரித்துக்கொள்ள வேண்டும். சில நூறு ரூபாய்க்குப் புதிதாகப் பதிவு செய்பவருக்கு இதில் டிரேட்மார்க் தேடல் மட்டும் போதும். இன்னொருவர் கையில் இருப்பதை விலைக்கு வாங்குபவர் முழுவதையும் செய்ய வேண்டும்.

## தகராறு எந்தப் பக்கத்திலிருந்து வரும்

பெரும்பாலும் மூன்று வகை. ஒன்று டிரேட்மார்க் தகராறு. நீங்கள் வாங்கிய பெயர், அல்லது அதைப் போல ஒலிக்கும் பெயர், வேறொருவரின் வணிகப் பெயராக இருக்கும். புகார் உங்கள் மீது வரும். விற்றவர் பணத்தை வாங்கிக்கொண்டு எப்போதோ போயிருப்பார்.

இரண்டாவது திருட்டு. உரிமையாளரின் மின்னஞ்சலையோ ரெஜிஸ்ட்ரார் கணக்கையோ பிடித்து, டொமைனை மாற்றி, விவரம் அறியாதவரிடம் விற்பது.

மூன்றாவது வகைக்குப் பெரிய செய்தித் தலைப்புகள் கிடைப்பதில்லை, ஆனால் நம் ஊர்ச் சிறுதொழில்களில் இதுதான் அதிகம். கடைக்காரர் வலைத்தளம் வேண்டும் என்கிறார். செய்து கொடுப்பவர் தன் கணக்கில், தன் மின்னஞ்சலில், தன் பெயரிலேயே டொமைனைப் பதிந்துவிடுகிறார். நாலைந்து வருடம் கழித்து இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகிறது. பிறகு ஒரு நாள் அந்தப் பெயர் விற்பனைக்கு வருகிறது. பங்குதாரர்கள் பிரிவது, அண்ணன் தம்பி கடையைப் பிரிப்பது, வேலையை விட்டுப் போன ஊழியரின் பெயரிலேயே பதிவு கிடப்பது எல்லாம் இதே கதைதான். பதிவேட்டில் இருப்பவர் உண்மையானவர்தான், திருடர் அல்லர், ஆனாலும் விற்கும் உரிமை அவர் ஒருவருக்கே உரியதல்ல.

## படி 1: பதிவேட்டை வாசியுங்கள்

ஹூயிஸ் என்ற பழைய தேடலில் ஒரு காலத்தில் உரிமையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் வரை தெரியும். 2018 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் பெரும்பாலான பதிவுகளில் இவை மறைக்கப்பட்டன. 2025 ஜனவரி 28 முதல் .காம், .ஆர்க் போன்ற பொது டொமைன்களுக்கு ஹூயிஸ் கட்டாயமில்லை என்று, உலக டொமைன் முறையை மேற்பார்க்கும் ஐகேன் அமைப்பு விலக்கிக்கொண்டு, ஆர்டிஏபி என்ற முறையை அதன் இடத்தில் வைத்தது. ஐகேனின் தேடல் பக்கத்தில் டொமைனைத் தட்டினால் இலவசமாகவே விவரம் கிடைக்கும். பெயர் மறைந்திருப்பதால் மட்டும் யாரையும் சந்தேகிக்க வேண்டாம், இன்று அது சாதாரணம்.

அங்கே உருவான தேதி, கடைசியாக மாற்றப்பட்ட தேதி, ரெஜிஸ்ட்ரார், நேம்சர்வர் (டொமைனை எந்தத் தளத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும் கணினி), நிலைக்குறிகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். படமெடுத்துத் தேதியோடு சேமியுங்கள். கடைசி மாற்றம் சமீபத்தில் நடந்திருந்தால் காரணம் கேட்க வேண்டும். புதுப்பித்தாலும் அந்தத் தேதி மாறும் என்பதால் அதை வைத்து உடனே முடிவு கட்டிவிடக் கூடாது.

நிலைக்குறிகளில்தான் விஷயம் இருக்கிறது. ‘கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் புரொஹிபிட்டட்’ என்பது ரெஜிஸ்ட்ரார் போடும் வழக்கமான பூட்டு, அது இருப்பது நல்லதுதான். ‘சர்வர்’ என்று தொடங்கும் குறிகள் பதிவேட்டை நடத்தும் நிறுவனமே போட்டவை. பெரிய நிறுவனங்கள் பாதுகாப்புக்காகப் பணம் கட்டி இப்படிப் பூட்டி வைப்பதுண்டு. ஆனால் ஒரு சாதாரண விற்பனையாளரின் டொமைனில் இது இருந்தால், நீதிமன்ற உத்தரவு போன்ற ஏதாவது ஒன்று பின்னால் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ‘சர்வர் ஹோல்ட்’ (டொமைன் இயங்காதபடி நிறுத்தப்பட்டிருப்பது) என்றிருந்தால் காரணம் எழுத்தில் வரும்வரை பணப் பேச்சே வேண்டாம். ‘ரிடம்ப்ஷன் பீரியட்’ என்பது காலாவதியான டொமைனைப் பழைய உரிமையாளர் மீட்டுக்கொள்ளத் தரப்படும் 30 நாள் அவகாசம். அந்த நிலையில் இருப்பதை ஒருவர் “என்னுடையது, தருகிறேன்” என்று விற்க முயன்றால் விலகிவிடுங்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டொமைன் மீது புகார் பதிவாகி, ரெஜிஸ்ட்ரார் அதை முடக்கிவிட்டாலும், வெளியில் தெரிவது பெரும்பாலும் அதே வழக்கமான பூட்டுக் குறிதான். கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. அதற்கு எளிய சோதனை, பேரம் முடிந்து பணம் போடுமுன் பூட்டை ஒரு முறை திறந்து மறுபடி பூட்டிக் காட்டச் சொல்வதுதான். வழக்கமான பூட்டு என்றால் பல ரெஜிஸ்ட்ரார்களிடம் சில நிமிட வேலை. “இப்போது திறக்க முடியவில்லை, முதலில் பணம் போடுங்கள்” என்று பதில் வந்தால், 60 நாள் இடமாற்றத் தடை போன்ற நேர்மையான காரணமும் இருக்கலாம், நிலுவையில் உள்ள புகாரும் இருக்கலாம். எது என்று ரெஜிஸ்ட்ராரிடமிருந்து எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

## படி 2: பழைய வரலாற்றைத் தோண்டுங்கள்

இங்கே நேரம் செலவிடுங்கள். திருட்டு டொமைனும் உள்வீட்டுச் சண்டை டொமைனும் பிடிபடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதலில் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின். 1996 முதல் சேகரித்த பழைய பக்கங்கள் அங்கே இருக்கின்றன. டொமைனைக் கொடுத்து, வருடத்துக்கு இரண்டு மூன்று பக்கமாவது திறந்து பாருங்கள். எந்த நிறுவனத்தின் பெயர் அடியில் இருந்தது, தொடர்பு எண் என்ன, எந்த ஊர், எப்போது பக்கம் மாறியது? பத்து வருடம் ஓர் ஊரின் பள்ளியாகவோ மருந்தகமாகவோ இருந்த தளம் திடீரென்று வெற்றுப் பக்கமாகி, மூன்று மாதத்தில் விற்பனைக்கு வந்திருந்தால், அந்தப் பள்ளியோ மருந்தகமோ அதை விற்றதா என்பதுதான் உங்கள் முதல் கேள்வி.

அடுத்து பழைய ஹூயிஸ் பதிவுகள். டொமைன்டூல்ஸ், ஹூக்ஸி போன்ற சேவைகள் பல வருடப் பதிவுகளைச் சேர்த்து வைத்துக் கட்டணத்துக்குத் தருகின்றன. 2018-க்கு முந்தைய பதிவுகளில் பெயரும் மின்னஞ்சலும் மறைக்கப்படாமல் இருக்க வாய்ப்பு அதிகம். விலை மதிப்புள்ள டொமைனுக்கு இந்தச் செலவில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வரலாற்றில் எதைத் தேடுவது? பெர்ல்.காம் இதற்கு நல்ல பாடம். கணக்கு கைமாறியது 2020 செப்டம்பரில் என்று பின்னர் தெரியவந்தது. திருடியவர்கள் அவசரப்படவில்லை. டிசம்பரில் அமெரிக்க ரெஜிஸ்ட்ராரிடமிருந்து சீன ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றினார்கள். அப்போதுகூட நேம்சர்வரைத் தொடவில்லை, அதனால் தளம் வழக்கம்போல ஓடியது, யாருக்கும் தெரியவில்லை. ஜனவரியில் ஜெர்மனியில் உள்ள இன்னொரு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றிய பிறகுதான் நேம்சர்வர் மாறியது, விற்பனைப் பட்டியலும் வந்தது. குறுகிய காலத்தில் இரண்டு மூன்று ரெஜிஸ்ட்ரார் மாற்றம், இருபது வருடம் ஒரே இடத்தில் இருந்த பெயர் சட்டென்று நாடு மாறுவது, தொடர்பு மின்னஞ்சல் மட்டும் முதலில் மாறி மற்றவை பின்னால் மாறுவது ஆகிய மூன்றில் எது தென்பட்டாலும் வேகத்தைக் குறையுங்கள்.

பழைய உரிமையாளரின் பெயரும் எண்ணும் கிடைத்துவிட்டால் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான், பலரும் கூச்சப்பட்டு விட்டுவிடுவது. அவரையே அழையுங்கள். “ஐயா, இந்த டொமைனை நீங்கள் விற்றுவிட்டீர்களா?” என்று கேளுங்கள். விற்பவர் கொடுக்கும் எண்ணில் வேண்டாம், பழைய வலைப்பக்கத்தில் நீங்களே கண்டெடுத்த எண்ணில் கேளுங்கள். மற்ற எந்தத் தேடலையும்விட இந்த ஓர் அழைப்பை நான் நம்புவேன். அவர் “ஆமாம், விற்றுவிட்டேன்” என்றால் அதை ஒரு மின்னஞ்சலாக அனுப்பச் சொல்லுங்கள். அவர் திடுக்கிட்டால் உங்கள் பணம் தப்பியது.

## படி 3: டிரேட்மார்க் தேடல்

“இந்த டொமைன் 2003-லேயே பதிவானது, அந்த டிரேட்மார்க் 2015-இல்தான் வந்தது, ஆகவே நமக்கு ஆபத்தில்லை” என்று விற்பவர்கள் சொல்வார்கள். விற்கும்வரை அவருக்கு அது உண்மையாக இருக்கலாம். உங்களுக்கு அல்ல.

காரணம் யுடிஆர்பி. ஐகேன் 1999-இல் கொண்டுவந்த டொமைன் தகராறு விதிமுறை இது. பொது டொமைன் எதைப் பதிந்தாலும் இதற்கு நீங்கள் கட்டுப்பட்டவர்தான். புகார் கொடுப்பவர் மூன்றை நிரூபிக்க வேண்டும். டொமைன் அவருடைய டிரேட்மார்க்கை ஒத்தோ குழப்பும்படியோ இருக்கிறது. வைத்திருப்பவருக்கு அந்தப் பெயரில் நியாயமான உரிமையோ நலனோ இல்லை. அது கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்யப்பட்டுப் பயன்படுத்தப்படுகிறது. இந்த மூன்றாவதில் ‘பதிவு செய்யப்பட்ட’ நாள் எது? கைமாறிய டொமைனுக்கு, இப்போது வைத்திருப்பவர் வாங்கிய நாளையே நடுவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். முதல் உரிமையாளரின் 2003 உங்களுக்குப் பரம்பரைச் சொத்தாக வராது. நீங்கள் வாங்கும் நாளில் அந்த டிரேட்மார்க் இருக்கிறதா, உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்றுதான் பார்ப்பார்கள். தெரியாது என்று சொல்லித் தப்புவதும் கடினம். பதியும் பெயர் பிறர் உரிமையை மீறுகிறதா என்று பார்ப்பது உன் பொறுப்பு என்று அந்த விதிமுறையின் இரண்டாவது பத்தியே சொல்கிறது.

தேட வேண்டிய இடங்கள் இவை. இந்திய டிரேட்மார்க் அலுவலகத்தின் பொதுத் தேடல் பக்கம், உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் உலகளாவிய பிராண்ட் தரவுத்தளம், அமெரிக்க, ஐரோப்பிய அலுவலகங்களின் தேடல்கள். நான்கும் இலவசம். உங்கள் வாடிக்கையாளர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டையும் சேருங்கள்.

இந்தியத் தேடலில் சொல்லை அப்படியே தட்டிவிட்டு “ஒன்றும் இல்லை” என்று எழுந்துவிடாதீர்கள். ஒலி அடிப்படையிலான தேடலும் அங்கே உண்டு, அதையும் பயன்படுத்துங்கள். தமிழ்ப் பெயர்களுக்கு இது மிக முக்கியம். ஆங்கில எழுத்தில் ழகரத்தை ஒருவர் இசட்-எச் என்று எழுதுவார், இன்னொருவர் எல் என்றே எழுதுவார். நெடிலுக்கு ஒருவர் ஒரு ‘ஏ’ போடுவார், மற்றவர் இரண்டு போடுவார். ‘வாழை’, ‘சோழா’, ‘யாழ்’ போன்ற சொல் உங்கள் டொமைனில் இருந்தால், நினைவுக்கு வரும் எல்லா எழுத்துக்கூட்டலையும் ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

கிடைத்த முடிவுகளில் நிலை, வகுப்பு, பயன்பாடு தொடங்கிய தேதி மூன்றையும் பாருங்கள். பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 1 முதல் 34 வரை பொருள்கள், அதற்குமேல் சேவைகள். இந்தப் பெயர் ஊதுபத்திக்குப் பதிவாகியிருக்கிறது, நீங்கள் மென்பொருள் செய்யப்போகிறீர்கள் என்றால் இடமிருக்கலாம். நாடறிந்த பெயர் என்றால் எந்த வகுப்பு என்று பார்த்துப் பயனில்லை, விட்டுவிடுங்கள். விண்ணப்பம் மட்டும் போட்டு எதிர்ப்பில் நிற்கும் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். சண்டை நடந்துகொண்டிருக்கும் இடத்தில் மூன்றாவது ஆளாக நுழைய வேண்டாம்.

பதிவு இல்லாத பெயர் என்றால் நிம்மதி என்றும் சொல்ல முடியாது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் பெயரிலிருந்தே ‘சிஃபி’ என்ற சொல்லை உருவாக்கி 1999-இல் டொமைன்களைப் பதிந்தது. பின்னர் இன்னொரு நிறுவனம் ஓர் எழுத்தைக் கூட்டி சிஃபிநெட் என்று பதிந்தது. நகர உரிமையியல் நீதிமன்றம் தடை கொடுத்தது, கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. டொமைன் பெயரும் ஒரு வணிகத்தின் அடையாளம்தான், ஒருவர் தன் சரக்கை இன்னொருவருடையதாகக் காட்டி விற்பதைத் தடுக்கும் சட்டம் இதற்கும் பொருந்தும் என்று 2004 மே மாதம் தீர்ப்பு வந்தது. இந்தியாவில் டொமைனுக்கென்று தனிச் சட்டம் இல்லாததால் இன்றும் எல்லோரும் பிடித்துக்கொள்வது இந்தத் தீர்ப்பைத்தான். ஆகவே டிரேட்மார்க் பட்டியலோடு நிற்காமல் கூகுள், கூகுள் மேப்ஸ், செயலிக் கடைகள், இன்ஸ்டாகிராம், கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் நிறுவனப் பெயர்த் தேடல் ஆகியவற்றிலும் தேடுங்கள். ஒரே பெயரில் முப்பது கடைகள் இருந்தால் அது பொதுச் சொல், ஆபத்து குறைவு. ஒரே ஒரு நிறுவனம் மட்டும் இருந்தால் ஆபத்து அதிகம்.

பொதுச்சொல் காப்பாற்றும் என்பதற்கு நல்ல உதாரணம் பாடகர் ஸ்டிங். தன் மேடைப்பெயரில் இருந்த டொமைனைக் கேட்டு 2000-இல் அவர் புகார் கொடுத்தார், தோற்றார். கொட்டுவதைக் குறிக்கும் சாதாரண ஆங்கிலச் சொல்லும் அதுவே. அதே ஆண்டு மடோனா கேட்டார், வென்றார். அங்கே அந்தப் பெயரை வைத்துச் சம்பாதிக்க நினைத்தது தெளிவாகத் தெரிந்தது.

ஊர், நாடு, அரசு அமைப்புப் பெயர்கள் தனி வம்பு. பிரான்ஸ்.காம் 1994-இல் ஒரு தனிமனிதர் பதிந்தது. 2015-இல் பிரெஞ்சு வெளியுறவுத் துறை உரிமை கோரி வழக்கில் இறங்கியது, 2017-இல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகச் சொன்னது, 2018-இல் டொமைன் அரசின் கைக்குப் போய்விட்டது. இருபது வருடத்துக்கு மேல் வைத்திருந்தவருக்கே இந்தக் கதி. இந்தியாவில் அரசுச் சின்னங்களையும் சில பெயர்களையும் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 1950-ஆம் ஆண்டின் தனிச் சட்டமே இருக்கிறது.

## படி 4: ஏற்கெனவே வழக்கு உண்டா?

யுடிஆர்பி புகார்களை ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து நிறுவனம், அமெரிக்காவின் ஃபோரம், பிராகில் உள்ள செக் நடுவர் மன்றம், ஆசிய டொமைன் தகராறு தீர்வு மையம் உள்ளிட்ட சில அமைப்புகள் விசாரிக்கின்றன. தீர்ப்புகள் பொதுவில் வெளியாகின்றன, டொமைன் பெயரைக் கொடுத்துத் தேடலாம். நீங்கள் வாங்கப்போகும் டொமைனை மட்டும் தேடினால் போதாது. அதே சொல் உள்ள வேறு டொமைன்களுக்கு யார் புகார் கொடுத்திருக்கிறார் என்றும் பாருங்கள். ஒரு நிறுவனம் தன் பெயருக்காகப் பத்துப் பேர் மீது புகார் கொடுத்திருந்தால், பதினோராவதாக நீங்கள் ஏன் நிற்க வேண்டும்? ஒரு நடுவர் போதும் என்றால் ஐந்து டொமைன்கள் வரை ஜெனீவாவில் கட்டணம் 1,500 டாலர்தான். பெரிய நிறுவனத்துக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

.இன் டொமைன்களுக்கு, அவற்றின் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் நிக்ஸி அமைப்பு நடத்தும் ஐஎன்டிஆர்பி என்ற தகராறு தீர்வு முறை. அதன் தீர்ப்புகளும் நிக்ஸி தளத்தில் இருக்கின்றன. இதில் ஒரு நுணுக்கம். யுடிஆர்பியில் கெட்ட எண்ணத்தோடு பதிந்ததையும் பயன்படுத்தியதையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். .இன் விதிமுறையில் இரண்டில் ஒன்று போதும். ஆகவே .இன் டொமைனில் இன்னும் கவனம் தேவை.

நீதிமன்ற வழக்குகளுக்கு இந்திய நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவரின் பெயரிலும் நிறுவனத்தின் பெயரிலும் தேடுங்கள். தீர்ப்பு வந்தவற்றை இந்தியன் கானூன் தளத்தில் பார்க்கலாம். .காம் என்றால் அமெரிக்க வழக்குகளையும் பார்ப்பது நல்லது. .காம் பதிவேட்டை நடத்தும் வெரிசைன் நிறுவனம் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்றின்படி, ஆளைப் பிடிக்க முடியாவிட்டால் டொமைன் மீதே அங்கு வழக்குப் போடலாம். நீங்கள் மதுரையில் இருந்தாலும் வர்ஜீனியா நீதிமன்றம் உத்தரவிட்டால் வெரிசைன் டொமைனை மாற்றிக் கொடுத்துவிடும். டொமைனைப் பறிகொடுத்தவர்கள் இந்த வழியை நன்றாகவே அறிந்திருக்கிறார்கள்.

தேடலில் ஒன்றும் வரவில்லை என்பதை முழுப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். புகார் பதிவானதும் பட்டியலில் ஏற நாளாகும். டொமைன் பூட்டப்படும்வரை வைத்திருப்பவருக்கே தெரியாமல் வைக்கும்படி விதி இருக்கிறது. அதனால்தான் பணம் போடும் நாள் காலையில் இந்தத் தேடலை மறுபடி செய்ய வேண்டும் என்கிறேன்.

## படி 5: விற்பவர் யார்?

டொமைன் தன் கையில் இருக்கிறது என்று காட்டுவது எளிது. நீங்கள் சொல்லும் ஒரு வரியை டொமைனின் டிஎன்எஸ் பதிவில் (அது எங்கே போக வேண்டும் என்பது போன்ற தகவல்களை வைத்திருக்கும் பட்டியல்) போடச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுவார். அந்தச் சோதனையைச் செய்யத்தான் வேண்டும், ஆனால் திருடராலும் அதைச் செய்ய முடியும். திருடரிடம் இல்லாதது பழைய காகிதங்கள். மூன்று நான்கு வருடப் புதுப்பிப்பு ரசீதுகள், முதலில் வாங்கியபோது செய்த ஒப்பந்தம், பணம் போன வங்கிக் குறிப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். ரசீதில் உள்ள பெயர், அடையாள அட்டையில் உள்ள பெயர், பணம் போக வேண்டிய வங்கிக் கணக்கின் பெயர் மூன்றும் பொருந்த வேண்டும்.

காகிதத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது என்பதற்கு இணையத்தின் பழைய திருட்டு ஒன்றே சாட்சி. 1994-இல் ஒருவர் பதிந்த செக்ஸ்.காம் டொமைனை, 1995-இல் இன்னொருவர் ஒரே ஒரு போலிக் கடிதத்தால் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். ‘ஆன்லைன் கிளாசிஃபைட்ஸ்’ என்ற நிறுவனம் எழுதியதாகக் காட்டப்பட்ட அந்தக் கடிதம், தங்களிடம் இணைய இணைப்பு இல்லை என்று சொன்னது! அதைப் படித்துவிட்டும் அன்றைய பதிவு நிறுவனம் மாற்றிக் கொடுத்தது. உரியவர் அதை மீட்க 2000 வரை போராட வேண்டியிருந்தது. மறு ஆண்டு 6.5 கோடி டாலர் இழப்பீடும் தீர்ப்பானது. டொமைன் என்பது சொத்துதான், அதை உரிமையில்லாதவருக்குத் தூக்கிக் கொடுத்த பதிவு நிறுவனமும் பொறுப்பேற்க நேரும் என்று 2003-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

விற்பவர் ஒரு நிறுவனம் என்றால், கையெழுத்திடுபவருக்கு அதிகாரம் தரும் இயக்குநர் குழுத் தீர்மானம் வேண்டும். நிறுவனம் திவால் நடவடிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி தடைக்காலம் அறிவிக்கப்பட்ட பிறகு அந்த நிறுவனத்தின் சொத்தை விற்க முடியாது. கூட்டு வணிகம் என்றால் எல்லாப் பங்குதாரரும் கையெழுத்திட வேண்டும். உரிமையாளர் இறந்துவிட்டார் என்றால் வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் ஒப்புதலும் வேண்டும். வலைத்தளம் செய்து கொடுத்தவர் விற்கிறார் என்றால், அந்தப் பெயரில் தொழில் நடத்தியவரிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். அவர் கடையை மூடிவிட்டுப் போயிருந்தாலும் தேடிப் பிடியுங்கள்.

சந்தை விலையில் பாதிக்கும் கீழே கேட்பது, இன்றிரவுக்குள் முடிக்க வேண்டும் என்பது, எஸ்க்ரோ (பணத்தை நடுவில் வைத்திருந்து, டொமைன் கைமாறியதும் விற்பவருக்கு விடுவிக்கும் சேவை) வேண்டாம் என்பது. இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் நான் மேற்கொண்டு தேடக்கூட மாட்டேன்.

## படி 6: ஒப்பந்தமும் பணமும்

ஒப்பந்தம் இரண்டு பக்கம் போதும். விற்பவரே முழு உரிமையாளர், டொமைன் மீது அடமானமோ வழக்கோ புகாரோ இல்லை, வழக்கறிஞர் கடிதம் எதுவும் வரவில்லை, வந்திருந்தால் அவை அனைத்தும் இணைப்பில் தரப்பட்டுள்ளன என்ற உறுதிமொழிகள் இருக்க வேண்டும். வாங்குவதற்கு முந்தைய காரணத்தால் பின்னால் டொமைன் பறிபோனால் பணத்தைத் திருப்பித் தருவதோடு வழக்குச் செலவையும் ஏற்க வேண்டும் என்ற பிரிவையும் எழுதுங்கள். நடந்துகொண்டிருக்கும் யுடிஆர்பி புகாரின்போதும், அது முடிந்து 15 வேலை நாள்கள் வரையிலும் டொமைனை வேறொருவருக்கு மாற்றக் கூடாது என்பது விதி. நீதிமன்ற வழக்கு நடக்கும்போது மாற்றலாம், ஆனால் தீர்ப்புக்குக் கட்டுப்படுவதாக வாங்குபவர் எழுதிக் கொடுக்க வேண்டும். “சின்ன வழக்குதான், ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள்” என்று யாராவது காகிதம் நீட்டினால் அது இதுவாக இருக்கலாம்.

பணத்தை எஸ்க்ரோ வழியாகவே கொடுங்கள். எஸ்க்ரோ காப்பது டொமைன் வந்து சேராத ஆபத்திலிருந்துதான். வந்து சேர்ந்து, வாங்கியவர் சரிபார்க்கத் தரப்படும் பரிசோதனை நாள்களும் முடிந்து, பணம் விடுவிக்கப்பட்ட பிறகு திருட்டு என்று தெரிந்தால் எஸ்க்ரோ நிறுவனம் கைவிரித்துவிடும். நியூஜெர்சியில் பி2பி.காம் டொமைனைத் திருடியவர் அதை 2006-இல் இபே வழியாக ஒரு லட்சம் டாலருக்கு மேல் விற்றார். வாங்கியவர் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து வீரர் மார்க் மேட்சன், திருட்டுப் பொருள் என்று அறியாதவர். திருடியவர் கைதானது 2009-இல், ஐந்து வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது 2011-இல். எந்தப் பரிசோதனைக் காலமும் அவ்வளவு நீளாது. ஆகவே பரிசோதனை நாள்களை முடிந்தவரை நீட்டிக் கேளுங்கள், ஆனால் அதை நம்பி இரண்டாவது படியைத் தாண்டிவிடாதீர்கள்.

## படி 7: கைக்கு வந்த பிறகு

முதல் நாளே நேம்சர்வரை மாற்றுங்கள். பழைய உரிமையாளர் விட்டுப்போன விளம்பரப் பக்கம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தால், அதில் யாருடைய போட்டியாளரின் விளம்பரம் வருகிறதோ அவருக்கு அது உங்கள் கெட்ட எண்ணத்துக்கு ஆதாரமாகிவிடும். தளம் தயாராகவில்லை என்றாலும் நீங்கள் யார், என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரு பக்கம் போட்டுவையுங்கள். உங்கள் பெயரிலேயே, உங்கள் நிறுவன மின்னஞ்சலிலேயே பதியுங்கள். இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள், பூட்டைப் போடுங்கள்.

இந்தப் படிகளில் எடுத்த படங்கள், தேடல் முடிவுகள், பழைய உரிமையாளரின் மின்னஞ்சல், ஒப்பந்தம், எஸ்க்ரோ ரசீது, தொழில் திட்டம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் தேதி வாரியாக வையுங்கள். புகார் வந்தால் முறைப்படி விசாரணை தொடங்கிய நாளிலிருந்து பதில் கொடுக்க 20 நாள்தான் கிடைக்கும். பதிலே போடாமல் விட்டால் எதிர்த்தரப்பு சொன்னது மட்டும்தான் நடுவர் முன் இருக்கும்.

டிரேட்மார்க் உரிமையாளர் ஒருவர் இருக்கிறார் என்று பின்னால் தெரியவந்தால், அவருக்கு நீங்களாகக் கடிதம் எழுதி விலை சொல்லாதீர்கள். செலவுக்கு மேல் லாபம் வைத்து அவருக்கே விற்க வாங்கியது என்பது யுடிஆர்பியில் கெட்ட எண்ணத்துக்கு முதலாவதாகச் சொல்லப்படும் அடையாளம். அவரிடமிருந்து கடிதம் வந்தாலும் பதிலை வழக்கறிஞர் வழியாக அனுப்புங்கள்.